கசாலேக் கிழவரின் நல்ல மரணம்

உதைபந்தாட்டத்தை வைத்து எழுதப்பட்ட கதைகள் என்றாலே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவற்றிற் பலவற்றில் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழும், ஏழைப் பையன் ஒருவன் வீரனாவான், கதை முடிந்துவிடும். மைதானத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்த நாடகத்தைக் கடதாசியில் இன்னொரு முறை நடத்திக் காட்டுவதால் இலக்கியத்துக்கு என்ன வரும்படி என்று நினைப்பேன். அந்தத் தயக்கத்தைக் குலைத்த கதை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஆர்ஜென்டீன எழுத்தாளர் றொபேர்ட்டோ ஃபொன்டனறோசாவின் ‘1971 டிசம்பர் 19’ என்ற சிறுகதை அது. 1987இல் வெளிவந்த அவரது தொகுதியொன்றில் இடம்பெற்றது. ஸ்பானிய மொழி தெரிந்த நண்பர் ஒருவர் வரிவரியாகச் சொல்ல, நான் குறிப்பெடுத்து வாசித்தேன். அப்படி வாசிப்பதிலுள்ள குறைகளோடுதான் இதை எழுதுகிறேன்.

ஃபொன்டனறோசா (1944-2007) நம்மிடையே அதிகம் அறியப்படாதவர். தன் நாட்டில் அவர் முதலில் ஒரு கேலிச்சித்திரக்காரர். ‘இனொடோறோ பெரெய்றா’ என்ற மாட்டுக்காரப் பாத்திரத்தின் மூலம் வீடு வீடாக அறிமுகமானவர். பிறந்து வளர்ந்து இறந்தது எல்லாமே றொசாரியோ நகரில்தான். அந்நகரின் ‘எல் கைரோ’ என்ற தேநீர்ச்சாலையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த மேசையும் அவர் பெயரோடு சேர்ந்து பிரசித்தமாகிவிட்டது. அவருடைய கதைகள் பலவற்றில் அந்த மேசையின் குரல் கேட்கும்.

கதைக்குள் போவதற்கு முன் நகரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். றொசாரியோவில் இரண்டு கழகங்கள்: றொசாரியோ சென்ட்றல், நியூவெல்ஸ் ஓல்ட் போய்ஸ். நகரமே இரண்டாகப் பிளந்து கிடப்பது இவற்றால். தொழுநோய் மருத்துவமனையொன்றுக்கு நிதி சேர்க்க நடத்தவிருந்த ஆட்டத்தில் விளையாட நியூவெல்ஸ் சம்மதித்தது என்றும் சென்ட்றல் மறுத்தது என்றும் ஒரு பழங்கதை இருக்கிறது. அதன்பின் ஒரு தரப்பினருக்குத் ‘தொழுநோயாளர்’ என்றும் மறுதரப்பினருக்குக் ‘கயவர்’ என்றும் பெயர் ஒட்டிக்கொண்டது. வசையாகத் தொடங்கிய இரண்டையுமே இரு தரப்பாரும் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். ‘நான் கயவன்’ என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லும் சென்ட்றல் இரசிகனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கொக்கி அங்கேதான் இருக்கிறது.

1971இல் தேசியச் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் இவ்விரண்டும் சந்தித்தன. ஆட்டம் நடந்தது சொந்த ஊரில் அல்ல. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், புவெனஸ் அயர்ஸில், றிவர் பிளேட் கழகத்தின் மைதானத்தில். சென்ட்றல் 1-0 என வென்றது. அல்டோ பெட்றோ போய் என்ற முன்கள வீரர் காற்றில் கிடையாகப் பாய்ந்து தலையால் அந்தக் கோலை அடித்தார். அப்படிப் பாய்வதை அந்நாட்டில் ‘சிறுபுறா’ என்பார்கள். மூன்று நாட்களின் பின் சென்ட்றல் இறுதியாட்டத்திலும் வென்று கிண்ணத்தை எடுத்தது. ஆனால் இரசிகர்கள் கொண்டாடுவது இறுதியாட்டத்தை அல்ல. டிசம்பர் 19 வந்தால் கூடிநின்று பந்தை எறிந்து, வயது போன அல்டோவை மறுபடி பாயவைத்து மகிழ்வதை ஒரு சடங்காகவே பல தசாப்தங்கள் செய்துவந்திருக்கிறார்கள்.

இந்த உண்மையான ஆட்டத்துக்குள் ஃபொன்டனறோசா ஒரு கற்பனைச் சாவை வைக்கிறார்.

கதையைச் சொல்பவன் சென்ட்றல் இரசிகர் கூட்டமொன்றைச் சேர்ந்தவன். அரையிறுதியில் நியூவெல்ஸுடன் மோத வேண்டும் என்று தெரிந்ததும் அவர்களுக்கு உறக்கம் போய்விடுகிறது. தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆகவே ராசி பார்க்கத் தொடங்குகிறார்கள். யார் எந்தச் சட்டையோடு வந்தால் வெற்றி, யார் எங்கே நின்றால் வெற்றி என்று கணக்கெடுக்கிறார்கள். அப்போதுதான் கசாலே என்ற கிழவரின் நினைவு வருகிறது. தன் வாழ்நாளில் சென்ட்றல் நியூவெல்ஸிடம் தோற்றதைக் கண்ணால் கண்டதேயில்லை என்று சொல்லிக்கொள்பவர் அவர். இதைவிட வேறென்ன ராசி வேண்டும்? ஆனால் கிழவருக்கு இருதய நோய். மைதானப் பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் தடுத்திருக்கிறார். அன்றைய தினம் வானொலியில்கூடக் கேட்காமல் ஊருக்கு வெளியே போய்விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார் அவர். இளைஞர்கள் தந்திரமாக அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போகிறார்கள். ஆட்டம் நடக்கிறது, கோல் விழுகிறது, சென்ட்றல் வெல்கிறது. களிப்பின் உச்சத்தில் கிழவர் இறந்துபோகிறார்.

இவ்வளவுதான். சுருக்கிச் சொன்னால் பகிடியாகவே தெரியும். அநேகர் இதைப் பகிடியாகத்தான் வாசிக்கிறார்கள். எனது அபிப்பிராயம் வேறு.

கதை தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். ஆட்டத்தில் தொடங்கவில்லை, ராசியில் தொடங்கவில்லை. கிழவருக்கு நாங்கள் செய்ததை அநியாயம் என்று இப்போது பேசுகிறார்கள், எனக்குத் தெரியும் என்ற தோரணையில், ஒரு வசைச்சொல்லைத் தானே தன்மீது வாங்கிக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கிறான் கதைசொல்லி. அதாவது கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. யாரோ குற்றஞ்சாட்டியிருக்கிறார்கள். நாம் வாசிப்பது அதற்கான மறுமொழியை. அந்த நாட்களில் நீ றொசாரியோவில் இருந்திருக்க வேண்டும், இருந்திருந்தால் இப்படிப் பேசமாட்டாய் என்பதுதான் அவனுடைய முதலாவது வாதம். கூட்டமாகச் செய்த தவறுக்கு உலகெங்கும் சொல்லப்படும் வாதமும் இதுதான். ‘கயவர்’ என்ற பட்டத்தை ஏற்கெனவே பெருமையாகச் சூடிக்கொண்டவனை எந்த வசையால் நோகடிக்க முடியும்?

ஆகவே இக்கதையை ஓர் இரங்கலுரை என்றும் கொள்ளலாம், ஒரு வாக்குமூலம் என்றும் கொள்ளலாம். இரங்குபவனும் சாவுக்குக் காரணமானவனும் ஒருவனே. ஃபொன்டனறோசா இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசவைத்திருப்பதைத்தான் நான் கதையின் பெறுமதி என்கிறேன்.

கிழவர் எப்படி மாற்றப்படுகிறார் என்று பாருங்கள். ஆரம்பத்தில் அவர் யாரோ ஒருவர். நினைவுக்கு வந்த மறுகணம் தாயத்தாகிவிடுகிறார். தாயத்திடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை. எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பஸ் போகப் போக, கொடிகளையும் கூட்டத்தையும் காணக் காண, அவரும் எங்களில் ஒருவராகிவிட்டார் என்று சொல்கிறான் கதைசொல்லி. இது உண்மையாக இருக்கலாம். எத்தனையோ மாதங்களாக மனதை அடக்கிவைத்திருந்த ஒரு மனிதர் அந்தப் பஸ்ஸில் மறுபடி உயிர்த்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் வாய் அவனுடையது. கிழவரின் வாயால் நாம் எதையும் நேரடியாகக் கேட்பதில்லை. அவரது வீட்டாரின் துக்கமும் கதைசொல்லியின் பேச்சைக் கடந்து நம்மிடம் வருவதில்லை. இறந்தவரின் மகிழ்ச்சிக்கு ஒரேயொரு சாட்சி. அந்தச் சாட்சியே எதிரி.

முடிவில் அவன் சொல்லும் நியாயம், இப்படியொரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்பது. கிழவரின் முகத்தில் இருந்த களிப்பைப் பார்த்திருந்தால் நீயும் அப்படிச் சாகத்தான் ஆசைப்படுவாய் என்கிறான். வாசிக்கும்போது கண் கலங்கியது. கலங்கியதை மறைக்க மாட்டேன். அடுத்த கணம் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஒரு நோயாளியை ஏமாற்றிக் கடத்திச் சாகடித்தவனின் வாதத்துக்கு நான் தலையாட்டிவிட்டேன். கதை என்னிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

புவெனஸ் அயர்ஸில் நிலவும் ஒரு பகிடி உண்டு. மரணப் படுக்கையில் கிடக்கும் போக்கா ஜூனியர்ஸ் இரசிகன் ஒருவன், பரம எதிரியான றிவர் பிளேட்டின் கொடியைத் தன்மேல் போர்த்தச் சொல்கிறானாம். செத்தது எதிரணிக்காரன் என்ற கணக்கில் போகட்டும் என்பதற்காக. இந்தப் பகிடியையும் கசாலேயின் கதையையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். அங்கே சாகிறவன் தன் சாவைத் தானே கையாள்கிறான். கடைசிச் சிரிப்பும் அவனுடையதே. இங்கே கிழவரின் சாவைக் கையாள்பவர்கள் மற்றவர்கள். சிரிப்பும் அவர்களுடையது, கண்ணீரும் அவர்களுடையது.

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் துருவுகிறேன் என்று கேட்கலாம். 2023இன் ஆரம்பத்தில் எங்கள் ஊர் நண்பர் ஒருவர் மௌத்தானார். 1986இல் மரடோனாவைப் பார்த்த நாளிலிருந்து ஆர்ஜென்டீனாவின் இரசிகர். 2022 டிசம்பர் 18ஆம் திகதி இறுதியாட்டத்தை நாங்கள் ஏழெட்டுப் பேர் அவருடைய வீட்டு விறாந்தையில்தான் பார்த்தோம். பெனால்டிகளின்போது அவர் எழுந்து வளவுக்குள் போய்விட்டார். சத்தம் கேட்டுத்தான் திரும்பி ஓடிவந்தார். மையத்து வீட்டில் எங்கள் கூட்டம் முழுவதும் இதையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைக் கண்டுவிட்டுத்தான் போனார், நல்ல மௌத்து என்று. நானும் அவருடைய மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, “ஓம் மாமா. தங்கச்சிட கலியாணத்தையும் காண ஆசப்பட்டவரு வாப்பா” என்றான்.

அவனுக்கு மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நாங்கள் அவரை ஒரு பக்கத்தால் மட்டுமே அறிந்திருந்தோம்; அந்தப் பக்கத்தையே முழு மனிதராக்கி, அதற்கேற்ற ஒரு சாவையும் செய்து கொடுத்திருந்தோம். நாங்கள் யாரையும் கடத்தவில்லைதான். ஆனால் கசாலேயின் கதையை மறுபடி எடுத்து வாசித்தபோது அந்தக் கதைசொல்லியின் குரல் எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது.

இரசிகர்களின் துக்கம் என்றாலே இப்படித்தான் என்று சொல்வதும் அநியாயம். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் இரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரத்தில் பரம எதிரிகளான எவர்ட்டன் இரசிகர்களும் சேர்ந்து, இரு கழகங்களின் மைதானங்களுக்கும் இடையில் கழுத்துச் சால்வைகளை முடிந்து ஒரு மைல் நீளத்துக்குச் சங்கிலியாக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. குடிபோதையில் இரசிகர்கள்தான் காரணம் என்று பொலிசாரும் பத்திரிகையும் பரப்பிய பொய்யைக் குடும்பங்கள் விடாது எதிர்த்தன. 2016இல்தான் மரண விசாரணை ஜூரிகள், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், இரசிகர்கள்மீது தவறில்லை என்று தீர்ப்பளித்தார்கள். அங்கே துக்கம், யார் பொறுப்பு என்று 27 வருடங்கள் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஃபொன்டனறோசாவின் கதைசொல்லி கேள்வி வருமுன்னரே கதவைச் சாத்துகிறான். கழுத்துச் சால்வை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கதையில் குறையே இல்லை என்பதல்ல. ராசி பார்க்கும் பகுதி நீண்டுவிட்டது. பத்திரிகை நகைச்சுவைக்காரரின் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை என்று தோன்றுகிறது. ஆட்டத்தின் பெயர்களும் சம்பவங்களும் தெரியாத வாசகனுக்குச் சில இடங்கள் கைக்கு எட்டாமல் போகும்.

ஆனால் மொழி! தேநீர்ச்சாலை மேசையில் ஒருவன் குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுவதுபோல, வசையும் கொச்சையும் கலந்து ஓடுகிறது. 2004இல் றொசாரியோவில் நடந்த ஸ்பானிய மொழிக்கான சர்வதேச மாநாட்டில் அறிஞர்கள் முன்னிலையில் எழுந்து, கெட்ட வார்த்தைகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்குங்கள் என்று கேட்டவர் ஃபொன்டனறோசா. சபை சிரித்தது. இக்கதையை வாசித்தவருக்கு அது வெறும் சிரிப்பு அல்ல. கதைசொல்லி கிழவரைப் பற்றிப் பேசும்போது எங்கே அதிகமாகத் திட்டுகிறானோ அங்கேதான் அவன் தொண்டை அடைக்கிறது. வசையை நீக்கிவிட்டு இக்கதையை மொழிபெயர்த்தால் துக்கமும் சேர்ந்து போய்விடும்.

அந்த மாநாட்டுக்கு முந்திய ஆண்டே அவரது நரம்புகளையும் தசைகளையும் தின்னும் நோய் கண்டறியப்பட்டிருந்தது. 2007 ஜனவரியில், இனிமேல் தன் கையால் வரைய முடியாது என்று அறிவித்தார். அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, 62ஆவது வயதில் காலமானார். மறுநாள் அடக்கஸ்தலத்துக்குப் போகும் வழியில் ஊர்வலம் சென்ட்றல் கழகத்தின் மைதானத்துக்கு முன்னால் சில நிமிடங்கள் தரித்து நின்றது. அவரும் கயவர்களில் ஒருவர். கசாலேயைக் கடத்திய பஸ்ஸில் அவருக்கும் ஓர் ஆசனம் இருந்திருக்கும். தன் கூட்டத்தாரை வெளியே நின்று விசாரிக்காமல் உள்ளே இருந்தபடியே பேசவிட்டதனால்தான் கதை தீர்ப்பாகாமல் கதையாக நிற்கிறது.

இதைத் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். எழுத்துத் தமிழ் இதற்கு உதவாது. எங்கள் கடற்கரைப் பேச்சில்தான் செய்ய வேண்டும். முதல் வாக்கியத்தின் வசையை நாலு தடவை மாற்றிவிட்டேன். ஒன்று மிகவும் மரியாதையாக இருக்கிறது. மற்றது வாசிப்பவனைச் சிரிக்க வைக்கிறது. சிரிக்காத ஒரு வசை வேண்டியிருக்கிறது.