பாச்சிலாச்சிராமத்துப் பெண்

முயலகன் என்னும் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி இரு பொருள் காட்டும். கூத்தப்பெருமான் திருவடிக்கீழ்க் கிடக்கும் பூதம் ஒன்று. வலிப்பு நோய் மற்றொன்று. வடமொழியில் 'அபஸ்மாரம்' என்பதும் அவ்வாறே நோய்க்கும் பூதத்துக்கும் பொதுவாக நிற்கிறது. பூதத்தின் பெயரைத் தாங்கிய நோய் வந்தவரைப் பூதம் பிடித்தவர் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. இந்நாட்டு மலாய்ப் பேச்சு வழக்கில் 'கீலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம், என்றொரு பெயர் உண்டு. நம்முடைய 'காக்காய் வலிப்பு' அதனினும் உயர்ந்ததன்று. கொரிய நாட்டார் அண்மையில் பழைய பெயரைக் கைவிட்டு, மூளை மின்னோட்டத்தைச் சுட்டும் புதுப்பெயர் வைத்துக்கொண்டனர். பெயரை மாற்றுவது ஒரு வழி. பழைய பெயர் வழங்கும் இலக்கியத்தைச் செம்மையாகப் படிப்பது மற்றொரு வழி. தமிழாசிரியர்க்கு உரியது இரண்டாவதே.

பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றில் வரும் பகுதி இது. மழநாட்டுத் தலைவன் கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் நோய். மருத்துவம் பலவும் பார்த்துத் தளர்ந்தான் என்று கதை சொல்வோர் விரிப்பர். வேறு வழி காணாத தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலுக்குக் கொணர்ந்து இறைவன் திருமுன் கிடத்தினான். கொள்ளிடத்தின் வடகரையில், இன்று திருவாசி என வழங்கும் ஊர் அது. சம்பந்தர் எழுந்தருளுகிறார். உணர்விழந்து தரையில் கிடக்கும் பெண்ணைக் கண்டு, 'இஃது என்ன?' என வினவுகிறார். தந்தை சொல்கிறான். பிள்ளையார் பதிகம் பாடுகிறார், அவள் எழுகிறாள்.

இதை நாம் எப்படிச் சொல்லி வருகிறோம்? கடைசி வாக்கியத்தை மட்டும் உரக்கச் சொல்கிறோம். பாடினார், நோய் போயிற்று, மாணவர் எழுதிக்கொள்ளலாம்! அற்புதத்தை நம்புவோர் நம்பட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆயின் சேக்கிழார் அதற்கு முன் வைத்த இரண்டு செய்திகளை விழுங்கிவிடுகிறோம் என்பதே என் குறை.

முதலாவது, தந்தை மகளை மறைக்கவில்லை. அவன் ஊர்த்தலைவன்; மானம் போயிற்று என்று அஞ்சுதற்கு நம்மைவிட அவனுக்குக் காரணம் மிகுதி. மணமாகாத பெண் வேறு. அவளையே ஊரார் வந்துபோகும் கோயிலில் எல்லாரும் காணக் கிடத்துகிறான். நம் தோட்டப்புறங்களிலோ இந்நோயுள்ள பெண்பிள்ளையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கேட்டால், 'நாளைக்கு யார் கட்டுவார்கள், சார்?' என்பார்கள். அந்த அச்சத்தை வெறும் மடமை என்று தள்ளவும் இயலாது. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்திலேயே 1976-இல் வலிப்பு நோய் மணத்துக்குத் தடையாகச் சேர்க்கப்பட்டது. அச்சொல் நீக்கப்பட்டது 1999-இல்தான். சட்டம் எழுதியவரே அப்படியென்றால், லயத்து வீட்டுத் தாய் என் செய்வாள்?

இரண்டாவது, சம்பந்தர் கேட்ட வினா. பெற்றோர் செய்த பாவம் யாது, முன்வினை யாது என்று அவர் கேட்கவில்லை. முதல் திருமுறையின் 44-ஆம் பதிகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு இறைவனைப் பார்த்தே, இம்மங்கையை வாடச் செய்வது உமது பெருமைக்கு ஏற்குமோ என்கிறார். குற்றம் சாட்டப்படுவது பெண்ணன்று. மத்தேயு சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரத்திலும் ஒரு தந்தை வருகிறான்; அவன் மகனைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'சந்திரரோகி' என்கிறது. அங்கே ஒரு பேய் அதட்டப்படுகிறது. பாச்சிலாச்சிராமப் பதிகத்தில் எந்தப் பேயையும் பிள்ளையார் அதட்டவில்லை.

இங்கு ஒரு தடை எழும். பதிகத்தில் நோயின் பெயரே இல்லையே. அது தலைவனை எண்ணி வாடும் பெண்ணின் அகப்பாட்டாகவன்றோ தோன்றுகிறது? உண்மை. அதில் ஆளப்படும் 'மயல்' என்னும் சொல் காதல் மயக்கத்துக்கும் அறிவு மயக்கத்துக்கும் பொது. இப்பாட்டுக்கு நோயுற்ற பெண்ணின் கதை வரலாறாக வழங்கியது. சேக்கிழார் அதை ஏற்றுப் பாடினார். காதலால் வாடுபவளுக்குரிய மொழியை வலிப்பால் வீழ்ந்தவளுக்கும் உரியதாக்கிய அம்மரபை நான் மதிக்கிறேன். அருவருப்பின் நிழல்கூட அம்மொழியில் இல்லை. ஆனால் அப்பெண்ணுக்குப் பெயருமில்லை, ஒரு பேச்சுமில்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

நம் திரைப்படங்களோ அருவருப்பை நகைச்சுவையாக்கின. ஒருவன் விழுகிறான், நால்வர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கின்றனர். இரும்பு எதையும் செய்யாது. வலிப்பு என்பது மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் சற்று நேரம் கட்டுமீறுவது. அதற்குப் பத்திலிருந்து பதினைந்து பேர் சுற்றி நின்று காற்றை மறிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒருவரும் இதைக் கற்பித்ததில்லை, ஆகவே எழுதுகிறேன். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கடியில் மெத்தென ஏதேனும் இட வேண்டும். வாயில் எதையும் நுழைக்கலாகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், முறையாக மருந்துண்டால் அவருள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் பொது மருத்துவமனை இருக்கிறது. குனோங் ராபாட்டிலிருந்து தொலைவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துவோர் செலுத்தலாம். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. கோயில் நிர்வாகத்தார் மாதம் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்துவிட்டால், இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவரோடொருவர் அமர்ந்து பேசலாம். கொல்லி மழவனுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்கும் கிடைக்கும்.

திருவாசிக் கோயிலில் கூத்தப்பெருமானின் காலடியில் முயலகன் இல்லை, பாம்பே இருக்கிறது. பெண்ணின் நோயாகிய முயலகனைப் பெருமான் பாம்பாக்கி மிதித்தார் என்பர் அவ்வூரார். சேக்கிழாரின் பெண்ணோ எழுந்ததும் நேரே தந்தையிடம் செல்கிறாள்.