வயது ஏறாத துப்பறிவாளர்கள்

1887-இல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில், ஹோம்ஸுடன் குடியேறிய சில வாரங்களிலேயே டாக்டர் வாட்சன் அவரைப் பற்றி ஒரு பட்டியல் போடுகிறார். இலக்கிய அறிவு பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானியல் பூஜ்யம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதே ஹோம்ஸுக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்து வந்த அடுத்த நாவலில் அதே மனிதர் கெதேயை மேற்கோள் காட்டுகிறார். நடுவில் உட்கார்ந்து படித்ததாகத் தகவல் இல்லை. டாயிலுக்குப் பழைய பட்டியல் உபயோகப்படவில்லை, அவ்வளவுதான். துப்பறியும் தொடர்களில் 'பாத்திர வளர்ச்சி' என்று நாம் கொண்டாடுவதில் பாதி இந்த மாதிரி மறதிதான்.

யோசித்துச் செய்த மாற்றங்களும் உண்டு. கொக்கைன் பழக்கத்திலிருந்து ஹோம்ஸை மெல்ல மெல்ல மீட்டதாக 1904-இல் வந்த ஒரு கதையில் வாட்சன் சொல்கிறார். 'த்ரீ கேரிடெப்ஸ்' கதையில் வாட்சனின் தொடையைக் குண்டு உரசிப் போனதும் ஹோம்ஸ் பதறிவிடுகிறார். நண்பர்மேல் இவ்வளவு பாசம் வைத்திருந்தாரா என்று தெரிந்துகொள்ள வாசகர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

அகதா கிறிஸ்டி அந்த அளவுக்குக்கூட இறங்கவில்லை. 1920-இல் அறிமுகமாகும்போதே பாய்ரோ ஓய்வுபெற்ற பெல்ஜிய போலீஸ்காரர். அதற்குப் பிறகு 55 வருஷம் துப்பறிந்தார். கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். மீசைக்கு மட்டும் வயது ஏறவில்லை. 1975-இல் அவர் செத்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே இரங்கல் செய்தி போட்டது.

நம் தமிழ்த் தொடர்கதைத் துப்பறிவாளர்கள் கணேஷும் வசந்தும் இந்தக் கட்சிதான். 1968-இல் 'நைலான் கயிறு' தொடரில் கணேஷ் தனியாகத்தான் வந்தான். பின்னால் வசந்த் வந்து சேர்ந்ததும் குறும்பெல்லாம் அவன் பக்கம் போய்விட, கணேஷ் 'பாஸ்' ஆகி நிதானமானான். இதை வளர்ச்சி என்பதைவிடப் பாகப்பிரிவினை என்பது பொருத்தம். அதன் பிறகு இருவரும் அசையவில்லை. வசந்தின் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை யாரும் கடைசிவரை முழுசாகக் கேட்டதில்லை. வாரப் பத்திரிகைத் தொடருக்கு வேறு வழியும் கிடையாது. இந்த வாரம் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு வசந்தின் பூர்வீகம் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத்தாளர் எதிர்பார்க்க முடியுமா?

இவர்கள் எல்லோரையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் டோரத்தி சேயர்ஸ். அவருடைய லார்டு பீட்டர் விம்ஸி 1923-இல் வந்தபோது ஒற்றைக் கண்ணாடியும் ஓயாத அரட்டையுமாகத் திரிந்த பிரபு வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்த முதல் நாவலிலேயே ஓர் இரவு வருகிறது. கொலைகாரன் யாரென்று அவருக்குப் பிடிபட்ட அதே இரவு, முதல் உலகப்போரின் பதுங்குகுழிகள் நினைவில் திரும்புகின்றன. தரைக்கடியில் எதிரி தோண்டும் சத்தம் கேட்பதாக நடுங்குகிறார். போரில் அவரிடம் சார்ஜெண்டாக இருந்த பணியாள் பன்டர் அவரைத் தேற்றிப் படுக்கவைக்கிறார். அடுத்து வந்த நாவல்களில் சேயர்ஸ் இதைப் பெரிதாகத் தொடரவில்லை.

1930-இல் 'ஸ்ட்ராங் பாய்சன்' எழுதும்போது விம்ஸிக்குக் கல்யாணம் செய்துவைத்துத் தலைமுழுகிவிடலாம் என்று நினைத்தாராம். பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். பெண் தயார்: ஆர்சனிக் வைத்துக் காதலனைக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் ஹாரியட் வேன். ஆனால் தன்னைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பாற்றியவனை நன்றிக்கடனுக்காகக் கட்டிக்கொள்ள மானமுள்ள எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள் என்று சேயர்ஸுக்கே உறைத்தது. ஆகவே பொம்மையாக இருந்த விம்ஸியை மனிதனாக்க வேண்டியதாயிற்று. ஹாரியட் சம்மதம் சொல்ல 1935-இல் வந்த 'காடி நைட்' வரை ஆயிற்று. 1937 நாவலின் கடைசியில், தான் பிடித்துக்கொடுத்த கொலைகாரன் தூக்கில் தொங்கும் காலையில், எட்டு மணி அடிக்கக் காத்திருந்து மனைவியின் அணைப்பில் விம்ஸி அழுகிறார். முதல் புத்தகத்தின் அந்த இரவு பதினான்கு வருஷம் கழித்து வந்து சேர்கிறது. துப்பறிதல் என்பது ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்புவது என்பதை இவ்வளவு நேராகப் பார்த்த துப்பறியும் நாவல்கள் குறைவு. ஆனால் பார்த்த பிறகு பழைய அரட்டைக்குத் திரும்ப முடியவில்லை. அதற்குப் பின் சேயர்ஸ் ஒரு விம்ஸி நாவலையும் எழுதி முடிக்கவில்லை. சமய நாடகங்களுக்கும் தாந்தே மொழிபெயர்ப்புக்கும் போய்விட்டார்.

ஸ்வீடனின் ஷோவாலும் வாலேயும் இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்திருந்தார்கள். பத்து நாவல், 1965 முதல் 1975 வரை, அதோடு சரி. அவர்களுடைய துப்பறிவாளர் மார்ட்டின் பெக்குக்கு வயிற்று உபாதை, கசந்த மணவாழ்க்கை, விவாகரத்து. ஏழாவது நாவலின் முடிவில் நெஞ்சில் குண்டு. கூடவே இருந்த கோல்பெரி போலீஸ் வேலையே வேண்டாமென்று ராஜினாமா எழுதிக்கொடுக்கிறார். திட்டம் போட்டு எழுதியதால் எதுவும் துருத்திக்கொண்டு தெரியவில்லை.

அப்படித் திட்டம் போடாமல் நிஜக் காலண்டரிலேயே மாட்டிக்கொண்டவர் இயன் ரான்கின். அவருடைய எடின்பரோ இன்ஸ்பெக்டர் ரீபஸ் 1987-இல் அறிமுகமாகி, வாசகரோடு சேர்ந்து மூப்படைந்தார். அறுபது வயதில் போலீஸ்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அப்போது அந்த ஊர் விதி. எனவே 2007-இல் 'எக்ஸிட் மியூசிக்' நாவலோடு ஓய்வு. ரான்கினுக்குத்தான் மனசு வரவில்லை போலிருக்கிறது. 2012-இல் பழைய வழக்குகளைக் கிளறும் பிரிவில் சாதாரண ஆளாக ரீபஸ் திரும்பினார். அடுத்த வருஷம் மறுபடி போலீஸ் வேலை, ஆனால் ஒரு படி கீழே சார்ஜெண்டாக. அவரிடம் தொழில் கற்ற ஷிவான் கிளார்க் அப்போது இன்ஸ்பெக்டர்.