தேம்பாவணியின் வளனும் இல்லத்துச் சூசையப்பரும்

நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அம்மௌனத் தச்சரையே வீரமாமுனிவர் தேம்பாவணியின் (1726) தலைவராக்கி, 3 காண்டங்களில் 36 படலங்களாக விரித்துப் பாடினார். ‘மிகுதல்’ எனும் எபிரேயப் பெயர்ப்பொருள் தமிழில் ‘வளன்’ ஆயிற்று. ஆயினும், அன்றாட வேண்டுதலில் நிலைபெற்ற பெயர் சூசையப்பர் என்பதே. ‘அப்பர்’ எனும் விளி அவரை வீட்டுப் பெரியவராக்குகிறது. தொழிலுக்காகவும் நன்மரணத்திற்காகவும் மக்கள் நாடுவது அவரையே.

நாடு, நகர் எனும் காப்பிய வருணனைகள் தச்சரை மறைத்துவிட்டன எனக் கூறுவாருளர். அக்குறை முழுமையாகப் பொருந்தாது. மூன்றாம் காண்டம் அவருடைய நோயையும் இறப்பையும் விரிவாகக் காட்டுகிறது. போர்க்களம் காணாது, உழைத்து, பிணியுற்று, இல்லத்தார் அருகிருக்க உயிர் நீக்கும் காப்பியத் தலைவர் இவர். நன்மரணம் வேண்டும் எளிய பக்தர் வணங்குபவரும் இவரே. எனவே, தேம்பாவணியைக் கற்பிப்போர் நாட்டுப் படலத்தோடு நில்லாது, இப்பகுதியையும் பாடமாக்குதல் வேண்டும்.