பலாப்பொந்தும் பகடையும்

இளவரசர் மார்த்தாண்டவர்மா எதிரிகளுக்குத் தப்பி நெய்யாற்றங்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் ஒளிந்திருந்த கதையைத் திருவிதாங்கூர்ப் பக்கத்தில் கேளாதவர்கள் குறைவு. அம்மச்சிப்பிலாவு என்று அந்த மரத்துக்குப் பெயர். அவரைத் துரத்தியவர்கள் எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள். எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் இந்தக் கதையில் பொந்துக்குள் இருப்பவர் பிடிபடுவதில்லை. இதையே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற ஒரு மேசை ஆட்டமாக்கிப் பார்க்கலாம். ஒருவர் இளவரசர், மற்ற மூவர் துணைவர்கள், தேடி வருபவர்களுக்கெல்லாம் ஆட்டத்தை நடத்துபவரே குரல். இளவரசர் மூச்சடக்கி ஒளிந்திருக்க இருபது முகப் பகடையை உருட்டுகிறார், 1 விழுகிறது. ஈட்டி பொந்துக்குள் பாய்கிறது. இனி 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடிக்க ஆளில்லை. இத்தனை கதையையும் ஒரு பகடை முடித்துவைக்க விடலாமா என்பதுதான் இந்த ஆட்டக்காரர்களிடையே ஓயாத வழக்கு.

விடலாம் என்பவர்கள் பக்கம் வரலாறு இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போர் விளையாட்டிலிருந்து பிறந்தது; அங்கே சாவு ஒரு கணக்கு, அவ்வளவுதான். 1977இல் வந்த 'டிராவலர்' ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போகலாம் என்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் இந்தக் கறாருக்குள் ஒரு அரிய சொத்து இருக்கிறது. பாரதக் கூத்தின் கடைசி நாளில் படுகளத்தில் துரியோதனனின் பெரிய மண்ணுருவம் கிடக்கும்போது, அவன் சாவானா என்று யாரும் காத்திருப்பதில்லை. எப்படிச் சாகிறான், யார் அழுகிறார்கள் என்பதற்காகக் கூடுகிறார்கள். 1912 முதல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி பதிப்பித்த சமஸ்கிருத நாடகங்களில் ஒன்றான ஊருபங்கம் அதே துரியோதனனை மேடையிலேயே சாகவிடுகிறது. அங்கும் முடிவு முன்பே தெரிந்ததுதான். 'சாவானா, மாட்டானா' என்பது கூத்துக்கும் நாடகத்துக்கும் எட்டாத கேள்வி. மேசை ஆட்டம் அதை உண்மையாகவே கேட்கிறது. நடத்துபவர் திரைக்குப் பின்னால் பகடையைத் திருப்பிவைத்துப் பாத்திரத்தைக் காப்பாற்றினால் அந்தக் கேள்வி பொய்யாகிவிடும். ஒருமுறை அது தெரிந்துவிட்டால், அதற்கு முன் கிடைத்த வெற்றிகள்கூடத் தானமாகத் தோன்றும்.

ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் கதையாகிவிடாது. ஆறு மாதம் ஆடிய ஒரு பாத்திரம், பெயரில்லாத காவல்காரன் ஒருவனின் வீச்சில் வாசற்படியில் விழுகிறது. அதன் சபதமும் தேடிப்போன தங்கையும் அங்கேயே அறுந்துபோகின்றன. கதை முன்கூட்டி எழுதுவதல்ல, ஆடிமுடித்தபின் சொல்லிக்கொள்வது; வாழ்க்கையிலும் சாவு அர்த்தம் பார்த்து வருவதில்லை என்பது கறார்க்காரர்களின் பதில். பதில் சரி, பாதி மட்டும். வாழ்க்கையில் சாவுக்குப் பின் ஒப்பாரி இருக்கிறது, கருமாதி இருக்கிறது, சொத்துத் தகராறும் இருக்கிறது. மேசையிலோ அரைமணி நேரத்தில் புதுப் பாத்திரம் ஒன்று கதவைத் தட்ட, செத்தவனின் இடத்தில் அதை உட்காரவைத்து ஆட்டம் தொடர்கிறது. என் குறை சாவின் மீதல்ல, இந்த அவசரத்தின் மீது. 2014இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பு இப்படிப்பட்ட சாவுக்குச் சொல்லும் வைத்தியம் நோயைவிட மோசம். உயிர் ஊசலாடுபவர் மூன்று முறை பகடையில் தோற்றால்தான் சாவு. அதன் பிறகும் ஒரு நிமிடத்துக்குள் 300 பொன் பெறுமான வைரம் இருந்தால், பத்து நாளுக்குள் 500 பொன் வைரம் இருந்தால், மந்திரத்தால் எழுப்பிவிடலாம். விலைப்பட்டியல் ஒட்டிய சாவுக்கு யாரும் பயப்படவும் மாட்டார்கள், அழவும் மாட்டார்கள்.

2015இல் வந்த 'டென் கேண்டில்ஸ்' எதிர்த் திசையில் போனது. பத்தாவது மெழுகுவர்த்தி அணையும்போது எல்லாரும் சாவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. கூத்துக்கு மிக நெருங்கிய ஆட்டம். ஆனால் ஓர் இரவுக்குத்தான் தாங்கும். வருடக்கணக்கில் நீளும் ஆட்டத்துக்கு அதிகாரத்தைப் பங்கிடுவதே பொருந்தும்: சாவு உண்டா என்பது பகடையின் கையில், எப்படி என்பது ஆடியவரின் கையில். அப்படி விட்டால் எல்லாரும் வீர மரணமே கேட்பார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. கடைசிச் செயலால் இழப்பைத் துடைக்கமுடியாது, துணைவர்கள் தீர்க்கவேண்டிய கடனாக எதையாவது விட்டுப்போகவேண்டும் என்று கட்டுப்படுத்தினால் அந்த மலிவு பெரும்பாலும் குறையும். இந்த ஆட்டத்தையே நிகழ்ச்சியாக்கிய 'கிரிட்டிகல் ரோல்' தொடரில் 2018இல் டாலிசின் ஜாஃப் ஆடிய மோலிமாக் இறந்தது இப்படித்தான். தன் உயிரைக் கொடுத்து ஏவிய சாபமே அவனைத் தரையில் வீழ்த்தியது, எதிரி முடித்துவைத்தான். அவனைப் பற்றி அவிழாமல் கிடந்த மர்மம் பின்னால் அந்தக் கதையையே இழுத்துச்சென்றது. ஆனால் அந்த மேசையில் இருந்தவர்கள் தொழில்முறை நடிகர்கள்; துக்கத்தை நிறுத்திவைத்து ஆட அவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை இரவு கூடும் நான்கு பேரிடம் அந்தப் பயிற்சியை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு ஒரு விதி வேண்டும்: பாத்திரம் செத்த இரவில் புதுப் பாத்திரம் வரக்கூடாது, மிச்ச நேரம் செத்தவனுக்கு. அந்த நேரத்தில் அவனை ஆடியவர் சும்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. எதிரியின் குரலை அவரிடம் கொடுத்துவிடலாம்.