இரண்டரை என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

பைல் அடித்தளக் கணக்கில் எல்லாருக்கும் மனப்பாடமான எண் ஒன்று உண்டு: 2.5. மண்ணின் வலிமையை வைத்து, ஒரு பைல் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று சூத்திரத்தில் கணக்கிடுகிறோம். அதை இரண்டரையால் வகுத்தால் பாதுகாப்பான சுமை கிடைத்துவிடும். சூத்திரக் கணக்குக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 2911 கேட்கும் குறைந்தபட்சப் பாதுகாப்புக் காரணியும் இதுதான்.

எனக்கு நெருடுவது ஒன்றுதான். பத்து போர்ஹோல் போட்ட மனைக்கும், பேருக்கு ஒன்று போட்ட மனைக்கும் அதே இரண்டரையா?

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மனைகள். இரண்டிலும் பைலின் சராசரித் தாங்குதிறன், சராசரிச் சுமையைப்போல இரண்டரை மடங்கு. சுமையின் மாறுபாட்டுக் கெழு 10%. முதல் மனையில் மண் சீரானது, தாங்குதிறனின் மாறுபாடு 20%. இரண்டாவதில் மண் தாறுமாறு, மாறுபாடு 50%. இரண்டையும் லாக்-நார்மல் பரவல் என்று வைத்துக்கொண்டால், முதல் மனையில் ஒரு பைல் தோற்கும் வாய்ப்பு சுமார் 40 ஆயிரத்தில் ஒன்று. இரண்டாவதில் 21-ல் ஒன்று! காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு.

நம்பகத்தன்மை அடிப்படையிலான வடிவமைப்பு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. எத்தனை மடங்கு என்று கேட்காமல், தோற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கிறது. அமெரிக்காவில் 2004-ல் வந்த என்.சி.எச்.ஆர்.பி. 507 அறிக்கை, ஒரு தொப்பியின் கீழ் ஐந்து பைலுக்குக் குறையாமல் இருந்தால் நம்பகக் குறியெண் 2.33 போதும் என்றது. அதாவது நூற்றில் ஒன்று. ஒன்று தளர்ந்தால் மற்றவை சுமையைப் பகிரும் என்பது அதன் நியாயம். நாலு அல்லது அதற்குக் கீழே என்றால் 3.0, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கணக்கை நார்மல் பரவலை வைத்துத் திரும்பப் போட்டேன். 40 ஆயிரத்தில் ஒன்று என்றிருந்தது 600-ல் ஒன்றாகிவிட்டது. 21-ல் ஒன்று, 9-ல் ஒன்றாகிவிட்டது. மண் மாறவில்லை, பைல் மாறவில்லை. நான் தேர்ந்தெடுத்த வளைகோடு மட்டும்தான் மாறியது. அந்த வளைகோட்டின் வால் பகுதியை எந்த மனையிலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அப்படியிருக்க, மூன்று தசம இடத்துக்கு நம்பகக் குறியெண்ணை எழுதும் கட்டுரைகளை எப்படி நம்புவது?

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. சான் பிரான்சிஸ்கோவின் மில்லேனியம் டவரை எடுத்துக்கொள்ளுங்கள். 58 மாடி, 2009-ல் திறந்தார்கள். சுமார் 950 பைல்கள். அவை பாறைவரை போகாமல், மேலே இருந்த மணல் அடுக்கோடு நின்றன. அதற்குக் கீழே கனமான களிமண். 2016-ல் விஷயம் வெளியே வந்தபோது கட்டடம் சுமார் 40 செ.மீ. அமிழ்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. பக்கத்தில் தோண்டியபோது நிலத்தடி நீரை இறைத்ததுதான் காரணம் என்ற வாதமும் எழுந்தது. எப்படியானாலும், அமிழ்ந்தது பைல்களுக்குக் கீழே இருந்த களிமண். தனிப் பைலின் தாங்குதிறனுக்கு எவ்வளவு அழகாக நிகழ்தகவு போட்டிருந்தாலும் அந்தக் களிமண் கணக்குக்குள் வந்திருக்காது. கேட்காத கேள்விக்கு எந்தக் குறியெண்ணும் பதில் சொல்லாது.

அப்படியென்றால் பழைய இரண்டரைக்கே திரும்பிவிடலாமா? கூடாது. அது அறியாமையை மறைக்கிறது. நிகழ்தகவுக் கணக்கு அதையாவது மேசைமேல் எடுத்து வைக்கிறது.

எனக்குப் பிடித்த வழி யூரோகோடு 7-ன் (2004) எளிய ஏற்பாடு. ஒரே ஒரு பைலைச் சுமையேற்றிச் சோதித்தால், கிடைத்த தாங்குதிறனை 1.40-ஆல் வகுக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ சோதித்தால், சராசரியை வகுக்கும் எண் 1.00-ஆகக் குறைகிறது. இவை பரிந்துரை மதிப்புகள்தான், மற்ற காரணிகள் தனி. ஆனால் சேதி தெளிவு: அதிகம் தெரிந்துகொண்டவனுக்குச் சலுகை, தெரியாதவனுக்கு அபராதம். சோதனைக்குச் செலவழிக்கத் தயங்கும் உரிமையாளருக்கும் இந்தப் பாஷை புரியும்.

இனி யாராவது பாதுகாப்புக் காரணி இரண்டரை என்று சொன்னால், நான் கேட்கப்போவது இரண்டே கேள்வி: எத்தனை போர்ஹோல் போட்டீங்க? பைல் நிற்கும் இடத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் பார்த்தீங்க?