எழுச்சியும் மாற்றமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலையில் உழைக்கும் இளைஞர் ஒருவர், ஒரு மாத ஊதியத்தைக் கட்டணமாகச் செலுத்தித் தன்முன்னேற்றப் பயிலரங்கில் அமர்ந்தால் அவர் வாழ்வு மாறுமா? உறங்கும் ஊக்கத்தை அரங்கின் ஆரவாரம் எழுப்பக்கூடும், மறுப்பதற்கில்லை. ஆயின் எழுச்சி வேறு, மாற்றம் வேறு.

தொண்டி எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் தமிழில் எழுதிய முன்னேற்ற நூல்கள் வாசகரின் வீட்டிலேயே இருந்தன. ஊக்கம் தளர்ந்தபோதெல்லாம் மீண்டும் புரட்ட இயன்றது. பயிலரங்கிற்கோ மீண்டும் கட்டணம் வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு 1111) தமது 'இஹ்யா'வில் வகுத்த வழி இன்னும் நுட்பமானது: நாளின் தொடக்கத்தில் உள்ளத்தோடு உடன்படிக்கை, இடையில் கண்காணிப்பு, முடிவில் கணக்கு. இதற்குக் கட்டணமில்லை, விடுமுறையுமில்லை. தொடக்கத்தை விற்கலாம், தொடர்ச்சியை எவரும் விற்க இயலாது. ஆதலின் மூன்று மாதங்களுக்குப் பின் எஞ்சும் பழக்கமே பயிலரங்கின் உரைகல்.