நன்னூலும் நாட்டுப்படலமும்

சமய நல்லிணக்கக் கூட்டம் என்றால் மூலனூரானாலும் சென்னையானாலும் பேச்சு பலகாரத்தில் வந்து நிற்கும். ரம்ஜானுக்குப் பிரியாணி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும். நல்லதுதான். ஆனால் கொங்கு நாட்டுக்கு இதைவிடப் பழைய கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு. மூலனூரிலிருந்து காங்கேயம் தாண்டி வடக்கே போனால், பெருந்துறைப் பக்கத்தில் சீனாபுரம். நன்னூல் என்னும் இலக்கணம் செய்த பவணந்தி முனிவர் அவ்வூர்க்காரர் என்பது கொங்கு வழக்கு. அருகே விஜயமங்கலத்தில், ஊரார் ‘நெட்டைக் கோபுரம்’ என்று சொல்லும் சமணக் கோயில் இருக்கிறது.

பவணந்தி சமணர். அசோக மர நிழலில் அமர்ந்த அருகனை வணங்கித்தான் எழுத்ததிகாரத்தைத் தொடங்குகிறார். முதலில் உரை எழுதிய மயிலைநாதரும் சமணர். பின்னால் உரை கண்ட சங்கர நமச்சிவாயரோ சைவர். அவ்வுரையைத் திருத்திய சிவஞான முனிவர் திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரான். சமணரைக் கழுவேற்றிய கதையைக் கொண்டாடிய மரபு, சமணர் எழுதிய இலக்கணத்தை மடத்திலேயே பாடம் சொன்னது. வாதத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, இலக்கணத்தை ஒதுக்கவும் இல்லை.

சமயங்கள் தமிழுக்குத் தந்ததை அறிய முதலில் படிக்க வேண்டியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. ‘கிறித்தவமும் தமிழும்’ (1936), ‘பௌத்தமும் தமிழும்’ (1940), ‘சமணமும் தமிழும்’ (1954) என்று ஒரே மனிதர் மூன்று சமயங்களுக்கும் கணக்கெடுத்தார். இஸ்லாமியத் தமிழுக்கு அந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவர் இலங்கையைச் சேர்ந்த ம.மு. உவைஸ். இருவருமே பட்டியலில் வலுவானவர்கள். ஆனால் பட்டியல் கொடையைத்தான் சொல்லும், உறவைச் சொல்லாது. உறவு தெரிய வேண்டுமானால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்துக்குப் போக வேண்டும். சேலம் இராமசாமி முதலியார் தூண்டிய பிறகு சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த ஐயருக்குச் சமணக் கோட்பாடு பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போகிறார். அங்கே சிந்தாமணி ஆராய்ச்சிப் பொருளாக இல்லை. பாராயண நூலாக இருக்கிறது. சந்திரநாத செட்டியார் முதலானோரிடம் ஐயம் கேட்டுத் தெளிகிறார். 1887இல் பதிப்பு வந்தது. மாணவராக உட்கார அவர் கூச்சப்பட்டிருந்தால் அந்தப் பதிப்பு அப்படி வந்திருக்காது.

நூலுக்குள்ளேயும் இந்த உறவு தெரியும். நபிகளின் வரலாற்றைப் பாடும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலம் உண்டு. மலையில் மழை பெய்கிறது, வெள்ளம் திணை திணையாக இறங்கி வயலுக்கு வருகிறது, உழவர் நாற்று நடுகிறார்கள். நடப்பது அரபு நாட்டில்! காப்பியம் என்றால் நாட்டு வளம் பாட வேண்டும். தமிழ்ப் புலவருக்கு வளம் என்றால் நெல். பாலைவனத்தைப் பார்க்காத குறை என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது துணிச்சலாகவே படுகிறது. நபிகளின் வரலாற்றில் கை வைக்காமல், நிலத்தை மட்டும் நம் நிலமாக்கிக்கொண்டார். யோசேப்பைத் தலைவனாக்கித் தேம்பாவணி பாடிய இத்தாலிக்காரர் வீரமாமுனிவரும் போனது இதே வழியில்தான்.

சமயங்கள் ஒரே தமிழ் மரபைப் பகிர்ந்துகொள்வதை வடிவத்தின் பக்கமிருந்து பார்த்தவர் பௌலா ரிச்மன். 1997இல் வந்த அவரது ஆங்கில நூல் பிள்ளைத்தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பாடல்களை ஒரே வரிசையில் வைக்கிறது. காப்புப் பருவத்தில் குழந்தையைக் காக்க யாரை அழைப்பது என்பதில் சமயத்துக்குச் சமயம் வேறுபாடு. தாலும் சப்பாணியும் முத்தமும் எல்லோருக்கும் ஒன்றே. குணங்குடி மஸ்தான் சாகிபு விஷயத்தில் உறவு இன்னும் நெருக்கம்: அந்த சூஃபியைப் போற்றி நான்மணிமாலை பாடிய திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் வீரசைவர்.

இவ்வளவு இருந்தும் நம் இலக்கிய வரலாறுகள் பலவற்றில் இஸ்லாமியத் தமிழும் கிறிஸ்தவத் தமிழும் தனித்தனிப் பிரிவாக ஓரத்தில் நிற்கின்றன. ஆண்டு, ஆசிரியர் பெயர், நூல் பெயர், அதோடு முடிந்தது. மாணவன் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறான். மரியாதை என்ற பெயரில் ஒதுக்கிவைப்பது இது. கம்பரின் ஆற்றுப்படலத்தையும் நாட்டுப்படலத்தையும் நடத்தும் ஆசிரியர் மறுநாள் உமறுவின் நாட்டுப்படலத்தை எடுக்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. இருவரிடமும் வெள்ளம் எப்படி இறங்குகிறது, எங்கே கம்பரின் தடம் தெரிகிறது, எங்கே உமறு விலகிப் போகிறார் என்று மாணவர்களே சொல்லட்டும்.